குசினிக்குக் கேட்கும் தூரம்

பக்கத்துச் சந்துக்குள் போய் அந்தச் சின்னக் கதவின் மணியில் விரலை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இன்றைக்கு நான் வேலைக்கு வரவில்லை, பார்க்க வந்திருக்கிறேன் என்று. பழகின மாடு மாதிரிக் கால் தன்பாட்டில் போய்விட்டது. ஒன்பது வருடம் இந்தச் சந்துக்குள்ளால்தான் இந்த வீட்டுக்குப் போனேன், வந்தேன். முன்பக்கத்துப் பெரிய வாசலை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறேன், அதன் பித்தளைக் குமிழை மினுக்கியிருக்கிறேன், அதற்குள்ளால் ஒருநாளும் நடந்ததில்லை. நல்லவேளை, மணி அடிக்கவில்லை. கதவுக்குப் பச்சைச் சாயம் அடித்தவன் மணிக்கும் சேர்த்தே அடித்துவிட்டுப் போயிருக்கிறான். பலேர்மோவில் சாயம் அடிக்கிறவர்கள் ஆறுதலாய் வருவார்கள், அவசரமாய் அடிப்பார்கள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு முன்பக்கம் வந்து வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் முப்பது பேராவது இருக்கும். எல்லார் கையிலும் ஒரு மடித்த தாள். என் கையிலும் இருக்கிறது. அதில் கஸ்தெல்மாரோ மாளிகை, பதினெட்டாம் நூற்றாண்டு, பன்னிரண்டு மணிப் பார்வை என்று போட்டிருக்கிறது. கதை சொல்கிறவரின் பெயர் போடவில்லை. அது ஆரணி, என்னுடைய மகள்.

செப்டம்பர் பிறந்தால் இந்த ஊருக்குத் திருவிழாப் பைத்தியம் பிடித்துவிடும். நாலாந் திகதி மலை ஏறுவதோடு தொடங்கும், றொசாலியா அம்மாவின் குகைக்கு. இத்தாலிக்காரரை விட எங்கள் தமிழ்ச் சனம்தான் கூட, செருப்பில்லாமல், பூமாலையோடு, ஊரில் நல்லூர்க் கோயிலுக்குப் போகிற மாதிரி. சைவமாவது வேதக்கோயிலாவது, மலையும் குகையும் ஒரு பெண் தெய்வமும் இருந்தால் எங்களுக்குப் போதும். பிறகு சதுக்கத்துக்குச் சதுக்கம் வாத்தியக்காரர், பாவைக்கூத்து, முந்திரிகைச் சாறு, அதுதான் திராட்சைச் சாறு, காய்ச்சுகிற வாசம். அதற்குப் பிறகு ஒக்டோபரில் சனி ஞாயிறுகளில் பூட்டிக்கிடந்த பழைய வீடுகளை எல்லாம் திறந்துவிடுவார்கள். பிரபுக்களின் மாளிகை, கன்னியர்மடம், மணிக்கூண்டு, எல்லாம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் கழுத்தில் அட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குக் கதை சொல்வார்கள். ஆபிரிக்காவிலிருந்து வருகிற சூட்டுக்காற்று இன்றைக்கும் வீசுகிறது. தெருமுனையில் ஒருவன் நாகதாளிப் பழத்தைக் கத்தியால் சீவிச் சீவி வைக்கிறான். வந்த புதிதில் அதைப் பார்த்து நானும் இவரும் சிரித்த சிரிப்பு. எங்கள் ஊரில் வேலிக்கு வெளியில் முள்ளோடு கிடக்கிற சாமானை இவர்கள் தட்டில் வைத்து விற்கிறார்களே என்று. இப்போது அந்தப் பழம் இல்லாமல் எனக்கு இந்தக் காலம் பிறக்காது. ஆனால் இன்றைக்கு வாங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதோடு எதை வாங்கித் தின்கிறது.

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னாள். "அம்மா, எனக்கு எந்த வீடு தந்திருக்கினம் தெரியுமோ? கஸ்தெல்மாரோ." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீர் வார்த்தேன். "சனிக்கிழமை வாங்கோ" என்றாள். வாறன் என்றேன். குலுக்கிப்போட்டதில் விழுந்ததா, கேட்டு வாங்கினாளா, ஏன் என் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் என்ன இருந்தது, ஏழு நாளாய் இதையே அரைக்கிறேன். நான் அங்கே வேலை செய்தது அவளுக்குத் தெரியும், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. மற்றது தெரியுமா? அவளுக்கு இப்போது இருபத்தைந்து. அப்போது மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. மூன்று வயதில் நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு இருக்கிறதா, என் மூன்று வயதில் என்ன நடந்தது, ஒரு சிவப்புக் கோழியைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அந்தச் சிவப்புக் கோழி இருக்கிறதே. ஒவ்வொரு வருடமும் மலை ஏறி, குகைக்குள் சொட்டுகிற தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்து, அம்மா, என் பிள்ளைக்கு அது மட்டும் ஞாபகம் வரக்கூடாது என்று நேர்ந்திருக்கிறேன். றொசாலியாவோ தானாக விரும்பிக் குகைக்குள் போய் இருந்தவள். அவளிடம் போய், நான் ஒரு பிள்ளையைப் பூட்டி வைத்தேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாய் இருந்திருக்கும். அதனால் முழுதாய்ச் சொன்னதே இல்லை. அது என்றுதான் சொல்வேன், அவளுக்கு விளங்கும் என்று.

வரிசை நகர்கிறது. முன்னால் நிற்கிற மனிசி திரும்பி, "நீங்களும் முதல் தரமா?" என்று கேட்கிறாள். ஓம் என்கிறேன், பெரிய வாசலைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. பூட்டி வைத்தேன். இப்படிச் சொன்னால் என்னவோ பேய்க்கதை மாதிரி இருக்கிறது. நடந்தது சின்ன விசயம். பாலர் பள்ளி ஒரு மணிக்கு முடிந்துவிடும். எதிர்வீட்டு இராசமக்காதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்திருப்பா. அவ ஒருநாள் லண்டனுக்குப் போய்விட்டா, எங்கள் சனம் எல்லாம் அப்படித்தான், பலேர்மோ ஒரு தங்குமடம், விடிந்தால் வேறு நாடு. இவருக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை, பத்து மணிக்குப் போனால் நாலரைக்குத்தான் வருவார். சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, என்னை வேலைக்கு எடுத்த முதல் நாளே ஒரேயொரு சட்டம் சொன்னா: இந்த வீட்டுக்குள் பிள்ளைகள் கூடாது. அவவுக்குப் பீங்கான்கள்தான் பிள்ளைகள். அதனால் நான் ஒரு மணிக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சந்துக் கதவால் நுழைந்து, குசினிக்குப் பக்கத்தில் இருந்த சுருள்படியால் ஏறி, பிரார்த்தனை மண்டபத்துக்கு மேலே இருக்கிற மரக்கிராதிக் கூட்டுக்குள் விடுவேன். பழைய காலத்தில் வீட்டுப் பெண்கள் அதற்குள் இருந்து, யார் கண்ணிலும் படாமல் பூசை பார்ப்பார்களாம். ஒரு பாய், ஒரு பிஸ்கட் பெட்டி, ஒரு காது இல்லாத முயல் பொம்மை. ஒன்றேகாலிலிருந்து நாலு வரைக்கும். வெளியில் ஒரு கொண்டி இருந்தது, அதைப் போட்டுவிட்டு வருவேன். படிக்காகத்தான் போட்டேன். அந்தச் சுருள்படி செங்குத்து, நாற்பத்தொரு படி, பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்து உருண்டால் என்ன கதி. படிக்காகத்தான். சிஞ்ஞோராவுக்காகவும்தான். எது கூட, எது குறைய என்று இருபத்தொரு வருடமாய் நிறுக்கிறேன், தராசு ஒருநாளும் ஒரு பக்கம் நிற்கவில்லை.

உள்ளே வந்துவிட்டோம். பெரிய வாசல் வழியாக, சனத்தோடு சனமாக. முற்றத்தில் ஆரணி நிற்கிறாள், வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, தலைமயிரை இழுத்துக் கட்டியிருக்கிறாள். என்னைக் கண்டுவிட்டாள், கண்டதாய்க் காட்டவில்லை. நல்லது, நானும் காட்டவில்லை. "எல்லாருக்கும் வணக்கம், என் பெயர் ஆரணி" என்று தொடங்குகிறாள், எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது, இந்தக் குரல் எங்கே இருந்தது? வீட்டில் இவள் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களும் ஒரே வசனம்தான் எழுதுவார்கள், மிகவும் அமைதியான பிள்ளை. நான் அந்தப் பத்திரங்களை ஒரு உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன், மற்ற அம்மாமாருக்குக் காட்டியிருக்கிறேன். எங்கள் பிள்ளை சத்தமே போடாது என்று. சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு முள் தைக்கும், தைத்ததைக் கவனிக்காமல் அடுத்த கதைக்குப் போய்விடுவேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுபோகுமா. இப்போது அவள் பேசுகிறாள், முற்றத்துக் கல்லில் எல்லாம் பட்டு வருகிறது, ஒரு தாத்தா காதுக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டு நின்றவர் கையை எடுத்துவிட்டார்.

பளிங்குப் படியில் ஏறுகிறோம். இந்தப் படியை நான் வெள்ளிக்கிழமை தோறும் முழங்காலில் இருந்து துடைத்தேன், ஒவ்வொரு படியின் கீறலும் எனக்குத் தெரியும், ஏழாம் படியில் ஒரு மீன் மாதிரிக் கறுப்புக் கோடு. இருக்கிறது. மீன் அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை வருகிறது, இதென்ன கூத்து, முழங்கால் தேய்ந்த படிக்கு யாராவது அழுவார்களா. ஆனால் அப்போது எனக்கு முப்பத்தாறு வயது, முழங்கால் நோகாது, கையில் மெழுகு வாசம், யன்னலைத் திறந்தால் கடல் தெரியும். பெரிய மண்டபத்துக்குள் போனதும் முதலில் சிஞ்ஞோராவின் கதிரையைத் தேடுகிறேன். இல்லை. அவவின் சகோதரங்களின் பிள்ளைகள் விற்றிருப்பார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு அவ என்னை "மாறா, மாறா" என்று கூப்பிடுவா. தவமலர் என்கிற என் பெயர் அவவின் வாய்க்குள் நுழையவில்லை, கடைசித் துண்டை மட்டும் எடுத்து அதையும் பிழையாய் எடுத்துக்கொண்டா. கூப்பிட்டால் நான் மூன்றாவது அறையில் இருந்தாலும் ஓடி வருவேன். பொல்லாத மனிசி. உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிடுவா. ஆனால் செப்டம்பர் முடிகிற நேரம், முந்திரிகைச் சாறு காய்ச்சுகிற நாளில் மட்டும் குசினிக்குள் தானே வந்து, கதிரை போட்டு இருந்து, சாம்பல் போட்டுச் சாற்றைத் தெளிய வைப்பது எப்படி, மாவை எப்போது போடுவது, கறுவாப்பட்டையை எப்போது போடுவது என்று சொல்லித் தருவா. எங்கள் பனங்களி மாதிரித்தான், நிறமும் அதே, கரண்டியில் ஒட்டுகிற பதமும் அதே. அதை நான் சொன்னபோது பனை என்றால் என்ன என்று கேட்டா. நான் கையைக் காலை ஆட்டி ஒரு பனைமரத்தைக் காட்டினேன், அவ விழுந்து விழுந்து சிரித்தா. செத்தபோது என் கையைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தா. எனக்கு அவவில் கோபமா, அன்பா? இரண்டும் ஒரே பானைக்குள் கிடந்து காய்ந்துவிட்டது, இனிப் பிரிக்க ஏலாது.

"இந்தப் பக்கம் வாருங்கள், இனிப் பிரார்த்தனை மண்டபம்" என்கிறாள் ஆரணி. எல்லாரையும் முன்னால் விட்டுக் கடைசியாய் நுழைகிறேன். உள்ளே மெழுகுதிரி வாசம் இல்லை, பூஞ்சண வாசம்தான். மேலே அண்ணாந்து பார்க்கிறேன். கிராதி அங்கேயே இருக்கிறது. பொன்முலாம் போன மரப்பின்னல், கீழிருந்து பார்த்தால் உள்ளே கறுப்பு மட்டும்தான். கூரை முழுக்கத் தேவதூதர் மாதிரிச் செட்டை வைத்த குண்டுக் குழந்தைகள். பிள்ளைக்கு நான் அந்தக் குழந்தைகளைக் காட்டித்தான் சொன்னேன்: எல்லாரும் நித்திரை, சத்தம் போட்டால் எழும்பி அழுவினம், நீதான் காவல். அவள் தலையாட்டினாள். அழவே இல்லை. பதினொரு மாதம் ஒருநாள் கூட அவள் அழுது நான் கேட்கவில்லை. இதுதான் என் ஒரேயொரு ஆறுதல், வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. சுருள்படி குசினிக்குப் பக்கத்தில்தானே இறங்குகிறது, கூப்பிட்டால் எனக்குக் கேட்டிருக்கும். கேட்டால் எந்தச் சிஞ்ஞோரா நின்றாலும் தட்டைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அவள் கூப்பிடவில்லை. அவளுக்கு அங்கே ஒரு குறையும் இருக்கவில்லை. அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் கடைசி நாளைத் தவிர.

கடைசி நாளும் ஒரு செப்டம்பர்தான். சிஞ்ஞோராவுக்கு விருந்தாளிகள், ஊர் முழுக்க வாத்தியம், சாப்பாடு மூன்று மணிக்குத்தான் தொடங்கியது. கோப்பி, பிறகு பழம், பிறகு இன்னொரு கோப்பி, பிறகு ஒரு கிழவர் பாட்டுப் பாடினார். நான் தட்டத்தோடு நிற்கிறேன், சுவர்க் கடிகாரம் நாலு, ஐந்து, ஐந்தரை. ஆறரைக்கு மேலே ஓடிப்போய்க் கொண்டியைத் திறந்தால் பிள்ளை சுவரோடு சாய்ந்து இருக்கிறாள். சட்டை நனைந்து காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள், அழவில்லை, எழும்பவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கெட்டிக்காரி" என்று சொன்னேன். சத்தம் போடாமல் இருந்ததற்கு. என் வாயால், சிரித்துக்கொண்டு, தலையைத் தடவி. அடுத்த நாளே இவரை முதலாளியிடம் கேட்கச் சொன்னேன், அந்தாள் ஒரு சொல்லும் சொல்லாமல் மாலை வேலைக்கு மாற்றிவிட்டார். ஒரு நாளில் தீர்ந்த காரியம். பதினொரு மாதம் நான் அதைக் கேட்கச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை? மாலை வேலைக்குச் சம்பளம் கொஞ்சம் குறைவு என்றா, பழகிவிட்டது என்றா, பிள்ளைதான் சத்தம் போடவில்லையே என்றா. இந்த இடத்துக்கு வந்தால் என் மனம் முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடும். இழுத்தால் கிழியும்.

"புத்தகங்களில் இந்தக் கூரையில் முப்பத்திரண்டு தேவகுழந்தைகள் என்று எழுதியிருக்கும்" என்கிறாள் ஆரணி. எல்லாரும் அண்ணாந்து எண்ணுகிறார்கள். "முப்பத்துநாலு. இரண்டு பேர் அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஒருவனுக்கு ஒரு கால் இல்லை. கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது." முன்னால் நின்ற மனிசி, "நீங்கள் மேலே போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறாள். "ஓம்" என்கிறாள், "கன நேரம் பார்த்திருக்கிறேன்." என்னைப் பார்க்கவில்லை. போச்சு. றொசாலியா அம்மா, இருபத்தொரு வருடம் வெறுங்காலோடு ஏறினேன், எல்லாம் போச்சு. அவளுக்குத் தெரியும். ஒரு கால் இல்லாதவனையும் தெரியும். மேலே கிராதிக்குள் போகலாமா என்று யாரோ கேட்க, படி பலவீனம், பார்வைக்குத் திறக்கவில்லை என்கிறாள். என் மூச்சு கொஞ்சம் கீழே இறங்குகிறது. பிறகு மொட்டைமாடி, பிறகு கடல், பிறகு கைதட்டல். மற்றவர்கள் படியால் இறங்கிப் போகிறார்கள். நானும் அவர்களுக்குள் ஒளிந்துகொண்டு இறங்கப் பார்க்கிறேன், ஐம்பத்தெட்டு வயதில்.

"அம்மா."

நின்றேன்.

"அடுத்த ஆக்கள் ரெண்டு மணிக்குத்தான். வாங்கோ, ஒரு வேலை இருக்கு."

"பசிக்குது பிள்ளை. நீயும் சாப்பிடேல்லத்தானே."

"பேந்து சாப்பிடலாம். வாங்கோ."

அவள் முன்னால் போகிறாள், நான் பின்னால். வழியில் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைத் தாண்டி, குசினி நடைக்கு இறங்கி, சுருள்படிக்கு. படியில் அவள் கால் வைக்கிற விதம், உள்பக்கத்து ஒடுக்கத்தில் வைக்காமல் வெளிப்பக்கத்துச் சுவரோடு ஒட்டி, நான் பழக்கின மாதிரியே. நாற்பத்தொன்று. எனக்கு மூச்சு வாங்குகிறது. கதவு அதே கதவு. கொண்டி துருவேறிக் கறள் பிடித்திருக்கிறது. அவள் அதைத் தூக்கி, உள்ளே போய், கிராதிப் பக்கம் போகாமல், சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துகொள்கிறாள். கால் நீட்ட இடம் போதவில்லை, மடக்கிக்கொள்கிறாள். இவ்வளவு சின்ன இடமா இது? என் நினைவில் ஒரு அறை அளவுக்கு இருந்ததே.

"கதவைச் சாத்துங்கோ. கொண்டியையும் போடுங்கோ."

"ஏன் பிள்ளை, உனக்கென்ன விசரோ?"

"போட்டிட்டுக் குசினிக்குப் போங்கோ. நான் உங்களைக் கூப்பிடுவன். கேக்குதோ எண்டு வந்து சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"ஆரணி..."

"எனக்கு அது தெரியவேணும் அம்மா. கொண்டி போடாட்டிச் சரியாத் தெரியாது."

அவள் கோபமாய்ச் சொல்லவில்லை. அளவெடுக்கிற மாதிரிச் சொன்னாள், கட்டடக்கலை படித்த பிள்ளைதானே. நான் சாத்தினேன். கொண்டியில் கை வைத்தால் கை போகவில்லை. மறு கையால் அந்தக் கையைத் தள்ளிப் போட்டேன். இறங்குகிறேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன், எண்ணாவிட்டால் திரும்பி ஓடிவிடுவேன். இத்தனை தடவை இந்தக் கொண்டியைப் போட்டுவிட்டு இந்தப் படியால் இறங்கியிருக்கிறேன், அப்போது எண்ணவில்லை, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடுவேன், அடுப்பில் என்ன கருகுகிறதோ என்று.

குசினி வெறுமையாய் இருக்கிறது. அடுப்பைக் காணவில்லை, கல்தொட்டி மட்டும் இருக்கிறது. நான் அதற்கு முன்னால், என்னுடைய இடத்தில், போய் நிற்கிறேன். இத்தாலியனில் எனக்கு முதல் முதல் விளங்கின சொல்லே இந்தக் குசினிதான், குச்சீனா என்றார்கள், அட இது எங்கட சொல்தானே என்று சந்தோசப்பட்டேன். கேள், காதைக் கொடுத்துக் கேள். எங்கேயோ சதுக்கத்தில் வாத்தியக்காரர் பழகுகிறார்கள். தெருவில் அப்பம் விற்கிறவனின் ஒலிபெருக்கி. இப்போது கூப்பிடுகிறாளா? அப்போது இங்கே வானொலி பாடிக்கொண்டிருக்கும், குழாய் ஓடும், சட்டிகள் முட்டும். இப்போது அதுவும் இல்லை, இன்னும் நன்றாய்க் கேட்க வேண்டும். நடைக்கு வந்து நிற்கிறேன், இது கள்ளத்தனம், திரும்பவும் தொட்டிக்குப் போகிறேன். மூச்சைப் பிடிக்கிறேன். ஏதாவது கேள், கடவுளே, ஒரு கீச்சாவது. கேட்டால்தானே நான் பிழைப்பேன், கேட்டால்தானே அப்போதும் கேட்டிருக்கும், கேட்டிருந்தால்தானே அவள் கூப்பிடவில்லை என்பது உண்மையாகும். சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு முழத்துக்கு மேல் தடிப்பான சுவர். ஒன்பது வருடம் இந்தச் சுவரைத் துடைத்தவள் நான், இதன் தடிப்பு எனக்குத் தெரியாதா?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திடீரென்று அவள் மேலே பூட்டுப்பட்டு இருக்கிறாள் என்பது மட்டும்தான் தலைக்குள் நின்றது. ஓடினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு. சுவரைப் பிடித்துப் பிடித்து, பாதிப் படி ஏறும் வரைக்கும் ஒன்றும் இல்லை, அதற்கும் மேலே, கடைசி வளைவில்தான், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிசாய், அம்மா.

கொண்டியைத் திறந்தேன். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து இருக்கிறாள். குரல் அடைத்துவிட்டது.

"கேட்டதோ?"

கேட்டது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. எனக்காக. ஓம் பிள்ளை, வடிவாய்க் கேட்டது, நீ அப்போது கூப்பிட்டிருந்தால் நான் வந்திருப்பேன் என்று. அவள் கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். போன கிழமை சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே பார்வை.

"இல்லை" என்றேன். "ஒண்டும் கேக்கேல்ல."

"ஒண்டுமோ?"

"ஒண்டும். கடைசி வளைவிலதான் கேட்டது. குசினிக்கு ஒரு சத்தமும் வரேல்ல."

"தொண்டை கிழியக் கத்தினனான் அம்மா."

"கேக்கேல்ல பிள்ளை. சத்தியமாக் கேக்கேல்ல."

அவள் அப்படியே சுவரில் தலையைச் சாய்த்தாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். தோள் இறங்கிற்று, முகம் இளகிற்று, இருபத்தைந்து வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அப்ப சரி" என்றாள். "அப்ப சரி அம்மா."

"என்ன சரி?"

"நான் இவ்வளவு நாளும் உங்களுக்குக் கேட்டது எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

"கூப்பிட்டனியோ? எண்டைக்கு?"

"முதல்ல கொஞ்ச நாள். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டனான். கேட்டும் வராம இருக்கிறீங்கள் எண்டு நினைச்சன். பேந்து விட்டிட்டன்." என் கையைப் பிடித்து எழும்பினாள், சட்டையில் ஒட்டின தூசியைத் தட்டினாள், கழுத்து அட்டையை நேராக்கினாள். "வாங்கோ, பசிக்குதெண்டு சொன்னீங்கள். அந்த முனையில நாகதாளிப்பழம் விக்கிறான், கண்டனீங்களோ?"

அவள் படியில் இறங்குகிறாள், வேகமாய், ஏதோ ஒன்றை இறக்கி வைத்துவிட்டவளைப் போல, இறங்கிக்கொண்டே அடைத்த குரலில் என்னவோ கதைக்கிறாள், நான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு. எனக்கு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. அவளுக்குச் சுகம். அது போதும், அதற்குத்தானே மலை ஏறினேன், அது போதும் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும் என்று சொன்னாள். நான் கீழே பாட்டுக் கேட்டுக்கொண்டு தட்டுக் கழுவியிருக்கிறேன். என் பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள்.